பழைய பாலம் நன்றாகத்தானே இருந்தது?

சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் நோக்கிப் பழைய கூட்டரசுச் சாலையில் செல்பவர்கள் மூடா ஆற்றை மெர்டேக்கா பாலத்தின் வழியே கடப்பார்கள். 1957இல் நாம் பெற்ற விடுதலையின் பெயரைத் தாங்கி நிற்கும் பாலம் அது. ஆற்றுக்கு இப்பால் கெடா, அப்பால் செபராங் பிறை. 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்த கெடாவுக்கும் ஆங்கிலேயர் ஆட்சிக்கும் இவ்வாறே எல்லை. 1941 டிசம்பரில் ஜித்ராவிலும் குருணிலும் தோல்வியுற்ற 11ஆவது இந்திய டிவிஷன் இவ்வாற்றைத் தாண்டித்தான் தெற்கே பின்வாங்கியது.

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் இவற்றைக் கூறி, பாலங்களுக்கும் வயது உண்டு, முதுமை எய்தினால் மாற்ற வேண்டும் என்றேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நன்றாக நிற்கும் பாலத்தை ஏன் மாற்ற வேண்டும்? காசு வீண்தானே?" என்று கேட்டாள். பெரியவர்களும் கேட்கின்ற கேள்விதான் இது. விடையாகத் திருச்சிராப்பள்ளிக் கொள்ளிடப் பாலத்தின் கதையைச் சொன்னேன்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வெள்ளக் காலத்தில் மிகுதி நீரைச் சுமந்து கடலுக்குக் கொண்டு செல்லும் கிளையே கொள்ளிடம். திருவானைக்காவலையும் வடகரையையும் இணைத்து அதன்மீது 1928இல் ஒரு பாலம் கட்டப்பட்டது. நம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது 1938இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் பால்மரம் சீவக் கப்பலேறிய வடகரை மக்களில் சிலரேனும் அப்பாலத்தைக் கடந்துதான் வந்திருப்பார்கள். நம் மாணவர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் அவர்களுள் இருந்திருக்கலாம்.

மாட்டு வண்டிக் காலத்துப் பாலம் பேருந்துகளையும் லாரிகளையும் பல்லாண்டுகள் தாங்கியது. பின்னர் அதன் அருகிலேயே புதிய பாலம் கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. பழையது இடிக்கப்படவில்லை. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோருக்கு அது உகந்த இடமாயிற்று. மேலே நின்று பார்ப்பவருக்கு அதில் யாதொரு குறையும் தெரிந்திராது.

2018இல் கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூரும் நிரம்பியது. ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகிற்று. பழைய பாலத்தின் தூண்களில் விரிசல் கண்டதும் மக்கள் செல்வது தடுக்கப்பட்டது. அடுத்து தூண்கள் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்தது. புதிய பாலம் திறந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. அது இல்லாதிருந்தால் அந்த வெள்ள நாளில் பேருந்துகள் எதன்மீது ஓடியிருக்கும்? அதே மாதம் 22ஆம் நாள், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையிலும் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

பாலம் மேலிருந்து மட்டும் மூப்படைவதில்லை. வெள்ளம் தூணில் மோதிச் சுழலும்போது அடியிலுள்ள மணலை அரித்துச் செல்லும். வெள்ளம் வடிந்தபின் குழியில் மணல் மீண்டும் படிந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் நடந்ததாகத் தோன்றாது. அத்துடன் மனிதரும் மணலை அள்ளினால் படுகை தாழ்ந்து அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும். கொள்ளிடத்தில் நிகழ்ந்ததற்கு மணற்கொள்ளையே காரணம் என்று அங்குள்ள விவசாயிகள் குற்றஞ்சாட்டினார்கள். தூண் சாய்ந்த பிறகு யார் அள்ளிய மணல் என்று எங்ஙனம் பிரித்துக் காட்டுவது?

மூடா ஆற்றிலும் மணல் எடுப்பு நெடுங்காலமாக நடந்து, படுகை தாழ்ந்துள்ளது. 2003 அக்டோபரில் அவ்வாறு பெருக்கெடுத்ததைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பினாங்கு மக்கள் அருந்தும் நீரின் பெரும்பகுதியும் இவ்வாற்றினுடையதே.

கதையைக் கேட்டு முடித்த அம்மாணவி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நம் பாலத்தின் அடியை யார் போய்ப் பார்ப்பார்கள், டீச்சர்?" என்றாள். பொதுப்பணித் துறையின் பொறியாளர்கள் பார்ப்பார்கள் என்றேன். "தண்ணீருக்குள்ளேயுமா?" என்று அடுத்த வினா வந்தது. முக்குளிப்போர் இறங்கித் தூணின் அடியைத் தடவிப் பார்க்கும் சோதனையும் உண்டு என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டினேன். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.