காட்டுயிர் ஒளிப்படக்கலை (தமிழ்நாடு)

விலங்கு, பறவை, பாம்பு, பூச்சி என எந்த உயிரையும் அது தன் போக்கில் வாழும் இடத்திலேயே படமெடுப்பது காட்டுயிர் ஒளிப்படக்கலை. கூண்டிலும் கயிற்றிலும் இருக்கும் உயிர்களின் படம் இதில் சேராது. அதற்காகக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம், போரூர், அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பருத்திப்பட்டு ஆகிய ஏரிகளின் கரைகளில் விடிகாலையில் கேமராவோடு நிற்பவர்களும் இக்கலையைப் பயில்பவர்களே.

தொடக்கம்

இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் முட்டைகளோடு ஒரு பறவைக்கூட்டைப் படமெடுத்தார்கள். இக்கலையின் முதல் அடிகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பறவைகள் மிரளாமல் இருக்க, மாட்டுத்தோலால் உள்ளீடின்றிச் செய்த உருவத்துக்குள் புகுந்துகொண்டும் அவர்கள் படமெடுத்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ் இரவில் படகில் போய், ஒளி பாய்ச்சி மான்களை எடுத்தார். அவருடைய 74 படங்கள் 1906-இல் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழில் வந்தன. கூட்டை நெருங்குவது, இருட்டில் ஒளி பாய்ச்சுவது என இன்று வரை தீராத இரண்டு வழக்குகளும் இந்த முன்னோடிகளின் படங்களிலேயே தொடங்கிவிட்டன.

இந்தியாவில் அப்போது விலங்கின் படம் என்றாலே, செத்த புலியின் மேல் கால் வைத்து நிற்கும் வேட்டைக்காரரின் படம்தான். அந்த வழக்கத்திலிருந்து விலகியவர் ஐக்கிய மாகாணத்தின் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன். புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலி அதை மிதித்ததும் கேமரா தானே இயங்கும்படி அமைத்தார். அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது. வரிகளைக் கொண்டு ஒரு புலியை இன்னொன்றிலிருந்து பிரித்தறியலாம் என்பதை அவர் படங்கள் காட்டின. இன்று காப்பகங்களில் புலிகளைக் கணக்கெடுக்கும் தானியங்கிக் கேமராக்களின் அடிப்படை அதுவே.

மா. கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் இக்கலைக்கு ஒரு நோக்கையும் ஒழுக்கத்தையும் தந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). திருநெல்வேலியில் பிறந்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். பெல்லாரிப் பக்கம் சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சென்னை திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் 1950-இல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, அவர் இறந்த 1996 பிப்ரவரி 18 வரை வந்தது. தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தார்.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே சேர்த்து அமைத்த கனமான கேமரா ஒன்றை வைத்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். முதுமலை போன்ற காடுகளில் கால்நடையாகவும் வளர்ப்பு யானையின் மேல் அமர்ந்தும் எடுத்த அந்தப் படங்களில் யானை யானையாக மட்டும் நிற்பதில்லை. அதன் கூட்டமும் புல்லும் மரமும் சேர்ந்தே நிற்கின்றன. விலங்கின் முகத்தை மட்டும் சட்டம் நிறைய அடைக்கும் இன்றைய படங்களைப் பார்த்துவிட்டு அவற்றிடம் திரும்பினால், படம் தரும் தகவல் எவ்வளவு குறைந்துபோயிருக்கிறது என்பது தெரியும். தென்னிந்தியப் பாலூட்டிகளை ஆராய 1968-இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. 1959 முதல் 1970 வரையிலான இந்தியக் காட்டுயிர்களின் நிலை பற்றிய அவரது நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் வெளியிட்டது. 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். படம் அவருக்கு ஒரு கள ஆய்வுக் குறிப்பு. விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கான சான்று. படமெடுப்பவரைக் கண்டு மிரண்ட விலங்கின் படம் அந்த வகையில் பொய்ச் சான்றாகிவிடும். நன்னெறிக்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) அடுத்த தலைமுறைக்கு ஆசானாக இருந்தார். அசையும் படத்தில் சென்னையின் சேகர் தத்தாத்ரி அமைதிப் பள்ளத்தாக்கு பற்றி எடுத்த ஆவணப்படம் (1991) குறிப்பிடத்தக்கது.

ஏரிக்கரைக் காலம்

ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் காசு. 2000-க்குப் பிறகு டிஜிட்டல் கேமரா பரவியதும் அந்தத் தடை நீங்கியது. மாதச் சம்பளக்காரரும் தொலைதூர லென்ஸ் வாங்க முடிந்தது. விடுமுறைக் காலையில் முதுமலைக்குப் போக முடியாதவர் செம்பரம்பாக்கத்துக்குப் போனார். தொழிற்பேட்டைகளுக்கும் அடுக்ககங்களுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் இந்த ஏரிகளில் கூழைக்கடா, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் உண்டு. பருத்திப்பட்டு ஏரிக்கரை 2019-இல் நடைபாதையோடு கூடிய பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நடக்க வருபவர்களைக் கண்டு பழகிய பறவைகள் அங்கே அதிகம் மிரள்வதில்லை. புதிதாகக் கேமரா வாங்கியவர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

இங்கே கிடைக்கும் இன்பம் காத்திருப்பதில் இருக்கிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்து நின்று, தலையை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும் அந்தச் சில நொடிகளைக் கண்ணால் தொடரப் பழகியவருக்கு, அது எப்போது பாயும் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண்தான் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அல்லி இலைமேல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது வேறு. இதுவரை பார்த்திராத இனத்தைப் பறவை நோக்குவோர் ‘லைஃபர்’ என்பார்கள். ஒரு லைஃபருக்காகக் கூட்டமாக ஓடும் பழக்கத்தைவிட, தெரிந்த பறவையோடு ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது கூடுதல் இன்பம் தரும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

கூடும் குரலும்

கியர்ட்டன் சகோதரர்கள் எடுத்துத் தொடங்கிய கூட்டின் படத்தை இன்று பொறுப்புள்ள ஒளிப்படக்காரர்கள் தவிர்க்கிறார்கள். காரணம் ஏரிக்கரையிலேயே விளங்கும். முக்குளிப்பான் கூட்டை விட்டு இறங்குமுன் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். மனிதர் திடீரென நெருங்கினால் மூட நேரமிருக்காது. திறந்து கிடக்கும் முட்டைகள் காகத்தின் கண்ணில் படும். கோடையில் நீர் வற்றிய தரையில் ஆள்காட்டி முட்டையிடும். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து அதன்மேல் உட்காரும். ‘இன்னும் ஒரே ஒரு படம்’ என்று ஒருவர் பக்கத்திலேயே நின்றால் அது திரும்பி வராது. தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தும் பறவை அழகாகப் படத்தில் விழும். கீழே முட்டை சூடேறிக்கொண்டிருக்கும்.

பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதைப் போன்றதே. எல்லைக்குள் போட்டி ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது விரட்ட வருகிறது. இரை வைத்து ஈர்ப்பது, தவளையைக் கையால் எடுத்து வேறு இலையில் வைப்பது ஆகியவற்றில் படமே கெட்டுப்போகிறது. 2009-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தொடர்புடைய புகழ்பெற்ற போட்டியில் முதலிடம் பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் கருதியதால் 2010 ஜனவரியில் தகுதியிழந்தது.

இரவில் திரியும் உயிர்களுக்கு மின்னொளி பெருந்தொல்லை. பெரிய கண்களால் இருட்டில் இரை தேடும் தேவாங்கை ஒளி திகைக்கவைக்கும். தேவாங்கைக் காப்பதற்காகக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பிலான கடவூர் காட்டைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இது.

சட்டம்

1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வழங்கத்தக்க காரணங்களில் ஒன்றாகப் படமெடுப்பதையும் வைத்துள்ளது. 2022-இன் திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் உயிர்களுக்குத் தீங்கு நேராமலும் எடுக்க வேண்டும் என்று அதற்கு வரம்பு கட்டியது. செம்பரம்பாக்கமும் பருத்திப்பட்டும் சரணாலயங்கள் அல்ல. அங்கே இந்த அனுமதிக்கு வேலையில்லை. ஆனால் அதே சட்டம் ‘வேட்டை’ என்பதை விளக்கும்போது, காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதையும் அதில் சேர்த்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இனம் என்றால், கூடு வேடந்தாங்கலில் இருந்தாலும் ஆவடியில் இருந்தாலும் ஒன்றுதான். கரையில் நிற்கும் பலருக்கு இது தெரிவதில்லை. சொல்லித்தர வேண்டிய கடமை கேமரா மன்றங்களுக்கும் பறவை நோக்கும் குழுக்களுக்கும் உண்டு.

படத்தோடு இடத்தையும் வெளியிடுவதே இப்போது முற்றிவரும் பிரச்சினை. ஓர் ஆந்தையின் பொந்து எங்கே இருக்கிறது என்ற செய்தி காலையில் பரவினால் மாலைக்குள் அங்கே கூட்டம் சேரும். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ‘இபேர்ட்’ தளம், ஆபத்துக்குள்ளாகும் சில இனங்களின் இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து தானே மறைத்துவிடுகிறது. கைப்பேசியிலும் புதிய கேமராக்கள் பலவற்றிலும் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும் என்பதால், வெளியிடுமுன் அதை நீக்கிவிட்டு மாவட்டப் பெயரை மட்டும் எழுதுவது போதுமானது.