தொழுவ வாயிலும் காப்புக் கயிறும்: பினாங்குத் தமிழரின் கால்நடைக் காப்பு மரபு

பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனில் கால்நடைகள் பெற்றிருந்த இடத்தை அறிய விழைவோர், அந்நகரத் தெருக்களின் ஹொக்கியன் வழக்குப் பெயர்களை முதற்கண் நோக்குதல் வேண்டும். சூலியா தெருவின் ஒரு பகுதியைச் சீனர் 'மாட்டுத் தொழுவம்' எனப் பொருள்படும் பெயரால் சுட்டுகின்றனர். பர்மா சாலைக்கு அவர்கள் வழங்கும் பெயரின் பொருள் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்பதாகும். குழாய்நீர் பரவுவதற்கு முன்னர் இந்தியரின் மாட்டு வண்டிகள் நகருக்கு நீர் சுமந்த வரலாற்றை அது நினைவூட்டுகிறது. தைப்பூசத்திற்குரிய நகரத்தாரின் 1894ஆம் ஆண்டு வெள்ளி இரதத்தையும் காளைகளே இழுத்து வந்தன.

வண்டிக்காரருக்கு மாடே முதல். அது மடிந்தால் பிழைப்பும் மடியும். அக்காலத்தில் மாடுகளைக் கூட்டமாக மாய்த்த வெக்கை நோய்க்கு மருந்தில்லை. அந்நோயை ஆராய இந்தியாவில் அமைக்கப்பட்ட ஆணையம் 1871இல் அறிக்கை அளித்தது என்பதிலிருந்து அதன் கடுமையை உணரலாம். இத்தகைய சூழலில் மக்கள் காப்புச் சடங்குகளை நாடியது இயல்பேயாகும்.

தமிழக நாட்டுப்புற மரபில் கால்நடைக் காப்பினை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, ஊர் எல்லையில் அம்மனுக்கு நிகழ்த்தும் பொது வழிபாடு. 'கோமாரி' என்னும் நோய்ப்பெயரிலேயே 'மாரி' இடம்பெறுதல் இங்குக் கருதத்தக்கது. இரண்டாவது, தொழுவ வாயிலில் வேப்பிலை கட்டுதல். புண்பட்ட வீரனைக் காக்க மனையில் வேம்பு செருகிய வழக்கத்தைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் குறிப்பதால், வேம்பின் காப்பு மரபு மிகப் பழமையானது எனலாம். மாட்டுப் பொங்கலன்று வாயிலில் உலக்கையைக் கிடத்தி மாடுகளைத் தாண்டச் செய்வதும் இவ்வகையினதே. மூன்றாவது, மாட்டின் கழுத்தில் மந்திரித்த கயிறு, தாயத்து, சோழி முதலியவற்றை அணிவித்தல்.

இம்மூன்றனுள் ஊர் எல்லைச் சடங்கிற்கு ஒரே ஊராரின் கூட்டுறவும் வரையறுத்த எல்லையும் தேவை. பல இனத்தார் நெருங்கி வாழ்ந்த துறைமுக நகரில் அவை இரண்டும் வாய்த்தல் அரிது. வாயிற் காப்பும் உடற்காப்பும் அவ்வாறல்ல. ஒரு தொழுவமும் ஒரு கயிறும் இருந்தால் போதும். ஆதலின், புலம்பெயர்ந்த தமிழர் தம்முடன் எளிதில் கொண்டு வரத்தக்கவை இவ்விரண்டுமே எனக் கருத இடமுண்டு. பொது வழிபாட்டின் இடத்தை, குவீன் தெரு மகா மாரியம்மன் ஆலயம் போன்ற கோயில்கள் ஏற்றிருத்தல் கூடும்.

கயிறும் வேப்பிலையும் வெக்கை நோயைத் தடுக்கவில்லை. அதனை ஒழித்தது தடுப்பூசியும் கண்காணிப்புமே. 2011இல் அந்நோய் உலகினின்று முற்றாக நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் இவ்வாறு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அதுவேயாகும். எனினும், நோய் வெளியிலிருந்து வருகிறது, வாயிலிலேயே அதை நிறுத்த வேண்டும் என்ற உணர்வு அச்சடங்குகளில் பொதிந்துள்ளது. அவற்றை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கினால், அவ்வுணர்வையும் ஏழை வண்டிக்காரரின் அச்சத்தையும் சேர்த்தே இழப்போம்.

நகரில் தொழுவங்கள் மறைந்தன, பெயர்கள் எஞ்சின. அப்பெயர்களையும் பிறமொழியினரே காத்துள்ளனர். மாடு வளர்த்த குடும்பங்களின் முதியோரிடம் இம்மரபு பற்றிய வாய்மொழிச் செய்திகளைத் திரட்டுதல் தமிழாசிரியர்களும் மாணவர்களும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.