திரிகடுகமும் இருமலும்: சான்றுகளின் எல்லை

சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றன் கூட்டே திரிகடுகம். இஃது இருமலைத் தணிக்கும் என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. இதன் பழமையைக் காட்ட விழைவோர், பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாகிய நல்லாதனாரின் 'திரிகடுகம்' என்னும் நூலைச் சுட்டுவர். அந்நூல் எதனை நிறுவுகின்றது, எதனை நிறுவவில்லை என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

கடவுள் வாழ்த்தை அடுத்த முதற் செய்யுளில், கற்புடை மகளிர் தோளும், தொல்குடிச் சான்றோர் தொடர்பும், கேள்வியுடையார் நட்பும் திரிகடுகம் போன்ற மருந்து என்கின்றார் ஆசிரியர். உவமை, கேட்போர் நன்கறிந்த பொருளாய் இருத்தல் வேண்டும். மருந்தின் உறுப்புகளையோ அது தீர்க்கும் நோயையோ அவர் விரித்திலர். ஆகவே அவர் காலத்திலேயே இக்கூட்டு பலரும் அறிந்ததொன்றாய் விளங்கிற்று எனத் துணியலாம். ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகியனவும் மருந்துப் பெயர் பூண்டமை இத்துணிபிற்கு அரண் செய்யும். எனினும், இருமலுக்கு அச்செய்யுள் சான்றாகாது.

நோயின் பெயரறிய மருத்துவ நூல்களையே நாடுதல் வேண்டும். சரக சங்கிதை இருமல் தணிக்கும் மருந்துகள் பத்தினைத் தொகுக்குமிடத்துத் திப்பிலியைச் சேர்க்கின்றது. சுக்கும் மிளகும் அப்பத்தினுள் இல்லை. சுசுருத சங்கிதையோ மூன்றனையும் ஒரு தொகுதியாக்கிக் கபம் தணிப்பது என்று கூறும். கி.பி. முதல் நூற்றாண்டினரான கிரேக்க மருத்துவர் தியோசுகோரிதீசு, மிளகு இருமலுக்கும் மார்பு நோய்களுக்கும் ஆகும் என்று எழுதினார். யவனர் பொன்னொடு வந்து கறியொடு மீண்ட முசிறித் துறையை அகநானூற்று 149-ஆம் பாட்டு காட்டுகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், மிளகு உணவுப்பொருளாக மட்டுமன்றி மருந்தாகவும் மேலைநாட்டில் மதிக்கப்பெற்றமை புலனாம். ஆயின் அவ்வறிவு நம் நாட்டினின்றே சென்றது என்பதற்கு இவை போதா.

இக்கால ஆய்வும் ஒரு பகுதிக்கே துணை நிற்கின்றது. இஞ்சி உலர்ந்து சுக்காகுங்கால் அதன் காரப்பொருளாகிய இஞ்சரால், சோகாலாக மாறுகின்றது. சோகால் விலங்குகளிடத்து இருமலை அடக்கியதை யப்பானிய ஆய்வாளர் 1984-இல் வெளியிட்டனர். இது சுக்கின் ஒரு கூறு பற்றியது. முக்கூட்டு மாந்தர்க்குப் பயன்படுவதை நிறுவ, நோயாளரை இரு குழுவாக்கி ஒப்பிடும் ஆய்வே வேண்டும்.

எனவே, திரிகடுகம் என்னும் நூல் மருந்தின் பழமைக்கும் பரவலுக்கும் சான்று. மருத்துவ நூல்கள் அதன்பால் மக்கள் கொண்ட நம்பிக்கைக்குச் சான்று. நோய் தணிதற்குச் சான்று ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் பெறத்தக்கது. இம்மூன்றையும் ஒன்றாக மயக்குவது இலக்கியத்திற்கும் ஆகாது, மருத்துவத்திற்கும் ஆகாது என்பதே நம் முடிபு.