அடுப்படியில் ஒரு வரலாறு

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தைச் சார்ந்தது சாந்த்ராகாச்சி. வங்காள மக்களுக்கு அது சேனைக்கிழங்கினால் பெயர் பெற்ற ஊர். பறவை நோக்குவோருக்கு, குளிர்காலத்தில் நாரைகளும் வாத்தினங்களும் வந்திறங்கும் ஏரியுடைய ஊர். நம்மவர்க்கோ, தென்னகம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் முதற் படிகளுள் ஒன்று. பணியின் பொருட்டு வடபுலம் வந்து இப்பகுதியில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில், மார்கழி பிறந்துவிட்டால் அடுப்படி குழந்தைகளின் ஆட்சிக்கு உட்பட்டுவிடும். பள்ளிக்கு விடுமுறை, வெளியே பனி, உள்ளே மாவும் வெண்ணெயும் சர்க்கரையும்.

அத்தகையதொரு மாலைப் பொழுதில், கேக்கின் மேற்பூச்சுக்கு நிறம் கலந்துகொண்டிருந்த என் பேத்தி நிமிர்ந்து பார்த்து, “தாத்தா, கேக் நம்ம பலகாரமா, பெங்காலிக்காரங்க பலகாரமா?” என்று கேட்டாள். எளிய வினாதான். ஆயினும் புலம்பெயர்ந்து வாழ்வோரின் நெஞ்சில் ஆழப் புதைந்து கிடக்கும் வினா அது. எது நம்முடையது? எது பிறருடையது? விடை காண வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

விழாக் காலத்துப் பலகாரம் தமிழர்க்குப் புதியதன்று. மதுரை மாநகரின் இரவுக் காட்சியை வருணிக்கும் மதுரைக்காஞ்சி, மெல்லிய அடையையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தையும், அவற்றை விற்கும் ‘கூவியர்’ என்னும் அப்ப வணிகரையும் நம் கண்முன் நிறுத்துகின்றது. ஆனால் நம் பண்டைய சமையல் பெரிதும் வேவித்தலும் அவித்தலும் பொரித்தலும் சார்ந்தது. மூடிய அடுப்பினுள் நாற்புறமும் வெப்பம் சூழ மாவை உப்பச் செய்யும் கலை கடல் கடந்து வந்தது. அதற்குச் சொற்களே சான்று. ஈழத் தமிழர் வெதுப்படுப்பை ‘போறணை’ என்பர். அது போர்த்துகீசியரின் ‘ஃபோர்னோ’. அவர்கள் ரொட்டியைப் ‘பாண்’ என்பதும், நாம் ‘பிஸ்கோத்து’ என்பதும் அம்மொழி தந்தவையே. வங்காளியர் ‘பாவ்ருட்டி’ என்னும்போது அதன் முற்பாதியில் ஒலிப்பதும் அதே ‘பாண்’தான். தமிழனும் வங்காளியும் ஒரே கப்பலிலிருந்து ஒரே சொல்லை இறக்கிக்கொண்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆங்கிலேயர் காலத்தில் கல்கத்தா இக்கலையின் தலைநகராயிற்று. ரொட்டியும் மிட்டாயும் செய்து வந்த டேவிட் வில்சன் 1840களின் தொடக்கத்தில் நிறுவிய விடுதியே பின்னர் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ எனப் புகழ் பெற்றது. பாக்தாத் வழிவந்த யூதரான நஹூம் இஸ்ரேல் மொர்தகாய் 1902இல் தொடங்கிய கடை, 1916இல் நியூ மார்க்கெட்டில் இடங்கொண்டது. பார்க் தெருவில் ஃப்ளூரிஸ், சுவிட்சர்லாந்துத் தம்பதியரால் 1927இல் தோன்றியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பழமும் மாவும் தாமே கலந்து, அக்கலவையை அண்டையிலுள்ள பேக்கரியின் விறகு அடுப்பிற்கு எடுத்துச் சென்று சுட்டு வருவது வழக்கம். அப்பேக்கரிகள் பலவற்றில் அடுப்பைக் காத்தவர்கள் வங்காள இசுலாமியர். கிறித்தவரின் திருநாள், யூதரின் கடை, இசுலாமியரின் அடுப்பு, வாங்கி உண்பதோ ஊரனைத்தும்! வங்காளியர் அந்நாளைப் ‘பொடோதின்’, அதாவது பெருநாள், எனத் தமதாக்கிக்கொண்டனர். தெற்கிலும் இத்தகைய வரலாறு உண்டு. தலச்சேரியில் மர்டாக் பிரௌன் என்பார் சுவைக்கத் தந்த கேக்கைப் பார்த்து, மாம்பள்ளி பாப்பு 1883இல் தம் கைவண்ணத்தால் அதுபோலொன்றைச் செய்தளித்தார் என்பர்.

கேக் இல்லத்திற்குள் நுழைய மேலும் சில தேவைப்பட்டன. 1843இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்னும் ஆங்கிலேயர், ஈஸ்டு ஒவ்வாத தம் மனைவிக்காக பேக்கிங் பவுடரைக் கண்டார். மின்னடுப்பு இல்லாத நம் தாய்மாரோ, பிரஷர் குக்கரில் நீர் ஊற்றாது மணல் பரப்பி, மேலே கிண்ணத்தை வைத்து, வெயிட்டைக் கழற்றிவிட்டுக் கேக் சுட்டனர். அவர்தம் மதிநுட்பத்தை எந்த வரலாற்று நூலும் முறையாகப் போற்றவில்லை.

இனி நிறத்தின் கதை. 1856இல் வில்லியம் பெர்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், மலேரியாவிற்கு மருந்தான கொயினாவைச் செய்ய முயன்று, தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டார். நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த அச்சாயங்களின் வழித்தோன்றல்கள் துணியோடு நில்லாமல் தின்பண்டத்திலும் புகுந்தன. இன்று நம் நாட்டுச் சட்டம் உணவிற்கென எட்டுச் செயற்கை நிறங்களையே, அதுவும் அளவிட்டு, அனுமதிக்கின்றது. துணிச்சாயமான ரோடமின்–பி கலந்திருந்தமையால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டதை மறத்தலாகாது. பீட்ரூட் சாறு மேற்பூச்சுக்கு இளஞ்சிவப்புத் தரும். கீரைச்சாறு பச்சை தரும். மஞ்சளோடு சமையல் சோடா சேர்ந்தால் செந்நிறம் தோன்றும். அது கண்டு குழந்தைகள் வியப்பர். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் நம் ஆரத்தித் தட்டின் வேதியியலும் அதுவேயன்றோ!

கேக்கின் மணம் அடங்குமுன் தைத்திங்கள் பிறக்கின்றது. நாம் பொங்கலிடும் அதே சங்கிராந்தி வேளையில், அண்டை வீடுகளில் புத்தரிசி மாவும், தேங்காய்ப் பூரணமும், பேரீச்ச இன மரத்துப் பனிக்காலப் பதநீரில் காய்ச்சிய புது வெல்லமும் கொண்டு ‘பிட்டே’ செய்வர். அவற்றுள் ‘புலி’ என்பதனைக் காணும் தமிழ்க் குழந்தை கொழுக்கட்டை என்றே கூறும். சந்தேஷ் அழுத்தும் மர அச்சில் மீனும் சங்கும் செதுக்கப்பட்டிருக்கும். நம் அச்சுமுறுக்கிற்கோ இரும்பு அச்சு. பொருள் வேறு, அச்சிலிருந்து வடிவம் பிரிந்து வரும் அக்கணத்தில் குழந்தையின் முகத்தில் மலரும் மகிழ்ச்சி ஒன்றே.

இவ்விடத்து ஒன்று கூறவேண்டும். நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கற்கின்றனர். தெருவில் வங்காளம் பேசுகின்றனர். தமிழுக்கு எஞ்சியுள்ள பள்ளிக்கூடம் அடுப்படியே. பிசைதல், கிள்ளுதல், உருட்டுதல், கம்பிப்பாகு, உருட்டுப்பதம், ஒரு சிட்டிகை, கைப்பிடி ஆகிய சொற்களை ஏட்டில் எழுதிக் கற்பிக்க இயலாது. விரலில் மாவு ஒட்டியிருக்கும்போது செவியில் விழுந்தால் அவை ஆயுளுக்கும் நிற்கும். கடையில் வாங்கிய பெட்டியைத் திறந்து வைப்பதனால் இனிப்புக் கிட்டும், சொல் கிட்டாது. ஒரு தலைமுறை வாளாவிருப்பின் அச்சொற்கள் மீளா.

என் பேத்திக்கு அன்று நான் கூறிய விடை இதுதான்: “ஊர் ஊரா வந்த பலகாரம்மா இது. நீ உன் கையால செஞ்சு நாலு வீட்டுக்குக் குடுத்தா, அது நம்ம பலகாரம்.” அவள் சிறிது சிந்தித்தாள். பின்னர் முதல் துண்டைத் தட்டிலிட்டு எதிர்வீட்டிற்கு எடுத்துச் சென்றாள். சங்கிராந்தியன்று அத்தட்டு வெறுமனே திரும்பவில்லை. புலிப் பிட்டேயுடன் வந்தது. “தாத்தா, கொழுக்கட்டை!” என்று தமிழில் கூவிக்கொண்டே அவள் உள்ளே ஓடி வந்தாள்.