நான்கு ஆலயங்களும் நான்கு மொழிச் சமூகங்களும்: பிராஸ் பாசா வட்டாரத்தின் கத்தோலிக்கப் பங்குகள்

சிங்கப்பூரின் பிராஸ் பாசா வட்டாரத்தில், பிராஸ் பாசா சாலையில் தொடங்கி ஓஃபிர் ரோடு முடிய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள், கத்தோலிக்கப் பங்கு ஆலயங்கள் நான்கு நிற்கின்றன. நல்லாயன் பேராலயம், விக்டோரியா ஸ்திரீட்டின் புனித சூசையப்பர் ஆலயம், குவீன் ஸ்திரீட்டின் புனித இராயப்பர் சின்னப்பர் ஆலயம், ஓஃபிர் ரோட்டின் லூர்து அன்னை ஆலயம் என்பன அவை. நான்கும் இன்று தேசிய நினைவுச்சின்னங்கள். நான்கிலும் நெடுங்காலம் நிகழ்ந்தது ஒரே இலத்தீன் பூசை. ஒரே சமயத்தாருக்கு, ஒரே வழிபாட்டுக்கு, நடந்து செல்லும் தொலைவில் நான்கு ஆலயங்கள் ஏன் தேவைப்பட்டன? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் 'பங்கு' என்னும் சொல்லை நோக்குவோம். ஓர் ஆலயத்தைச் சார்ந்து வாழும் மக்கள் தொகுதியையும் அவர்கள் வாழும் எல்லையையும் தமிழ்க் கத்தோலிக்கர் பங்கு என வழங்குவர். பகுத்துக் கொடுக்கப்பட்டது என்னும் பொருளே இங்கு முன்நிற்கிறது, ஒரு மறைமாவட்டத்தைப் பகுத்து, ஒவ்வொரு குருவின் பொறுப்பில் ஒவ்வொரு பகுதியை விடுவதால் அது பங்கு, அக்குரு பங்குத்தந்தை. ஐரோப்பிய மொழிகள் இதற்கு வழங்கும் சொற்களோ 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தவை. தன் ஊரல்லாத ஊரில் குடியிருத்தல் என்பது அதன் பழம்பொருள். குடியேறிகளின் துறைமுக நகராக வளர்ந்த சிங்கப்பூருக்கு இவ்விரு பொருளும் பொருந்துவதைக் காண்போம்.

நான்கனுள் மூத்தது நல்லாயன் பேராலயம். 1830களின் தொடக்கத்தில் பிராஸ் பாசா சாலையில் எழுந்த சிறு ஆலயம் பெருகிவந்த மக்களுக்குப் போதாமற்போகவே, பிரெஞ்சு மறைப்பணியாளரான அருட்தந்தை ழான் மரி பெரேல் புதிய ஆலயம் ஒன்றை எழுப்ப முனைந்தார். 1843ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1847இல் பணி நிறைவுற்றது. கட்டட வரைவைத் தந்தவர் டெனிஸ் மக்ஸ்வீனி. இவர் சிங்கப்பூரின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கோல்மனிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். கோபுரத்தை வரைந்தவர் சார்லஸ் டைஸ். 'நல்லாயன்' என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1839இல் கொரியாவில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, மக்களைக் காக்கும்பொருட்டுச் சரணடையுமாறு ஆயர் இம்பேர் தம் உடன் குருக்கள் இருவருக்கும் மடல் எழுதினார். ஆடுகளுக்காக உயிர் கொடுக்கும் நல்ல ஆயனை அம்மடலில் அவர் நினைவூட்டினார். மூவரும் கொல்லப்பட்டனர். அச்செய்தியின் நினைவாகவே இப்பெயர் அமைந்தது.

இவ்வாலயத்தின் வடிவம் கவனத்திற்குரியது. தரைத்திட்டம் சிலுவை வடிவினது. வாயில்களின் முன்னே தூண்கள் தாங்கும் முகமண்டபங்கள் உள்ளன. கிரேக்க, உரோமானியக் கட்டடங்களின் அளவும் ஒழுங்கும் இதன் இலக்கணம். அக்காலச் சிங்கப்பூரின் அரசு அலுவலகங்களும் செல்வர் மாளிகைகளும் இதே பாணியில் எழுந்தவை. ஆகவே, இவ்வாலயம் தன்னைத் தனித்துக் காட்டாமல், நகரத்தின் பொதுக் கட்டட மொழியையே பேசியது எனலாம். தொடக்கத்தில் இது எல்லார்க்கும் பொதுவான ஆலயமாகவும் இருந்தது. ஐரோப்பியர், யுரேசியர், சீனர், இந்தியர் ஆகிய அனைவரும் இங்கேயே கூடினர்.

ஆயினும் பிரிவு ஒன்று முன்னரே இருந்தது. அதன் வேர் மொழியிலன்று, அதிகாரத்தில். கீழை நாடுகளில் ஆலயங்களை நிறுவவும் ஆயர்களை முன்மொழியவும் போர்ச்சுகல் மன்னருக்குத் திருத்தந்தையர் பழங்காலத்தில் உரிமை அளித்திருந்தனர். பதுருவாதோ எனப்படும் அவ்வுரிமை போர்ச்சுகலின் வலிமை குன்றிய பின்னும் நீடித்தது. உரோமையோ 1622இல் மறைப்பணிக்கெனத் தனிப் பேராயம் ஒன்றை நிறுவி, அதன்வழிப் பிரெஞ்சுக் குருக்களையும் அனுப்பலாயிற்று. இவ்விரட்டை ஆட்சியைத் தமிழகமும் அறியும். மயிலாப்பூர் போர்ச்சுகீசிய உரிமையிலும் புதுச்சேரி பிரெஞ்சு மறைப்பணியாளர் பொறுப்பிலும் இருந்தமை வரலாறு. சிங்கப்பூரிலும் அதே நிலை. 1825இல் இங்கு வந்த போர்ச்சுகீசியக் குரு பிரான்சிஸ்கோ த சில்வா பின்ட்டோ இ மாயா தம் மக்களைத் தனியே பேணினார். அவர்களுக்கென விக்டோரியா ஸ்திரீட்டில் 1853இல் புனித சூசையப்பர் ஆலயம் எழுந்தது. இன்று நாம் காணும் கட்டடம் அதன் இடத்தில் 1906இல் தொடங்கி 1912இல் நிறைவுபெற்றது. சுவான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கிரைக் இதனை வடிவமைத்தார்.

நல்லாயன் பேராலயம் நகரத்தோடு இணங்கி நிற்க, சூசையப்பர் ஆலயம் தன் தாயகத்தை நினைந்து நிற்கிறது. நடுவே எண்கோணக் கோபுரம், இருபுறமும் சிறு கோபுரங்கள், கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணி முகப்பு, போர்ச்சுகலுக்கே உரிய நீலமும் வெண்மையும் கலந்த ஓடுகள் ஆகியவை அதன் அடையாளங்கள். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலிருந்து வந்தவை. இவ்வாலயம் மக்காவ் ஆயரின் ஆட்சியில் இருந்தது. 1981இல்தான் அது சிங்கப்பூர் உயர்மறைமாவட்டத்தின் ஆளுகைக்கு மாறியது. தெருவைக் கடந்தால் வேறோர் ஆயரின் எல்லை என்னும் நிலை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வட்டாரத்தில் நிலவியது.

மூன்றாம் ஆலயத்தில்தான் மொழி முன்னுக்கு வருகிறது. நல்லாயன் ஆலயத்தில் கூடிய சீனரும் இந்தியரும் எண்ணிக்கையில் பெருகியதால், அவர்களுக்கென அருட்தந்தை பியர் பாரி குவீன் ஸ்திரீட்டில் புனித இராயப்பர் சின்னப்பர் ஆலயத்தைக் கட்டினார். 1869இல் தொடங்கிய பணி 1870இல் முடிந்தது. இதுவும் கோதிக் பாணியினது. முகப்பின் நடுவே உயர்ந்தெழும் ஒற்றைக் கோபுரம் உடையது. ஆயினும், ஐரோப்பியர் அல்லாதார் என்னும் ஒரே காரணத்தால் சீனரும் தமிழரும் ஒன்றாக வைக்கப்பட்டனர். அவர்களுக்குள் பொதுமொழி ஏதும் இல்லை. இவ்வேற்பாடு நீடிக்கவில்லை. முதலில் பிரிந்தோர் தமிழர். பின்னர்ச் சீனருள்ளும் பிரிவுகள் எழுந்தன: காண்டனீயரும் ஹக்காவினரும் 1910இல் டேங்க் ரோட்டின் திரு இருதய ஆலயத்துக்கும், ஹாக்கியன் மக்கள் 1929இல் கம்போங் பாருவின் புனித தெரேசா ஆலயத்துக்கும் சென்றனர். குவீன் ஸ்திரீட் ஆலயம் தியோச்சியூ மக்களின் பங்காக எஞ்சியது.

தமிழருக்கென எழுந்ததே லூர்து அன்னை ஆலயம். 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1888இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் தமிழ்க் கத்தோலிக்க ஆலயம் இதுவே. பிரான்சின் லூர்து நகரில் 1858இல் அன்னை மரியாள் காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புவர். அங்கு எழுந்த பேராலயத்தைத் தழுவி இவ்வாலயம் அமைக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டுப் பக்தி ஒன்று சிங்கப்பூர்த் தமிழரின் ஆலயத்துக்குப் பெயரானது வியப்பன்று. பிரெஞ்சு மறைப்பணியாளர் 1776 முதலே புதுச்சேரியில் பணிபுரிந்து வந்தனர். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1877லேயே லூர்து அன்னைக்கு ஆலயம் அமைந்துவிட்டது. லூர்தும் புதுச்சேரியும் சிங்கப்பூரும் ஒரே மறைப்பணிச் சங்கத்தின் தடத்தில் இணைந்திருந்தன.

இப்போது தொடக்க வினாவுக்குத் திரும்புவோம். பூசை இலத்தீனில் நிகழ்ந்ததெனில், தமிழருக்கும் தியோச்சியூ மக்களுக்கும் தனி ஆலயம் எதற்கு? பூசை மட்டுமே பங்கு வாழ்க்கையன்று என்பதே விடை. மறையுரை மக்கள் மொழியில் நிகழ வேண்டும். ஞான உபதேசத்தைக் குழந்தை தன் மொழியில் கற்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாகப் பாவசங்கீர்த்தனம் உண்டு. தன் குற்றத்தை ஒருவர் குருவின் செவியில் கூறுவதற்குத் தாய்மொழி வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு கூறத்தக்க செய்தியன்று அது. திருமண ஓலை வாசித்தல், இறப்பில் ஆறுதல், ஊர்ச் செய்தி அறிதல் ஆகியவையும் அவ்வாறே. வழிபாட்டு மொழி அனைவரையும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தது. வாழ்வு மொழி தனித்தனிக் கூரைகளை வேண்டியது.

இதற்கு நேர்மாறான மாற்றம் பின்னர் வந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் பூசையை மக்கள் மொழிகளில் நிகழ்த்த வழிவகுத்தது. மொழிவழிப் பங்குகள் இதனால் வலுப்பெற்றிருக்க வேண்டும் என நாம் எண்ணலாம். நிகழ்ந்ததோ வேறு. அடுக்குமாடிப் புதுநகரங்களுக்கு மக்கள் குடிபெயர்ந்தனர்; பங்கு என்பது மொழியைவிட வசிப்பிடத்தைச் சார்ந்ததாயிற்று. பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் சீன வட்டார வழக்குகளைப் பின்னுக்குத் தள்ளியது. நான்கு ஆலயங்களும் பல இனத்தார் கூடும் இடங்களாயின. ஆங்கிலப் பூசை அவற்றின் பொதுப்பூசையாயிற்று. ஒருவரையொருவர் அறியாதிருந்த சமூகங்கள் ஒரே வரிசையில் அமர்ந்தன என்பது பேறு. தியோச்சியூ மக்களுக்கென நின்ற ஆலயத்தில் தியோச்சியூ மொழி தன் பழைய இடத்தை இழந்தது என்பது அதற்குக் கொடுத்த விலை.

லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை இன்றும் நிகழ்கிறது. தமிழ் ஆட்சிமொழி; பள்ளியில் கற்பிக்கப்படுவது; ஆகவே தியோச்சியூ மொழிக்கு இல்லாத பாதுகாப்பு அதற்கு உண்டு. ஆனால் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே, சீன வட்டார வழக்குகளைப் பேசுவோர் 8.7 விழுக்காட்டினர். கட்டடத்தைச் சட்டம் காக்கும். 2005இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட லூர்து ஆலயத்தின் கோபுரத்தை எவரும் இடித்துவிட முடியாது. அதனுள் பேசப்பட்ட தமிழைக் காக்க அத்தகைய அறிவிப்பு ஏதும் இல்லை.

அத்தமிழ் எத்தகையது என்பதற்கு ஆலயப் பெயர்களே சான்று. சின்னப்பர் என்பது பவுல் என்னும் பெயரின் பொருளைத் தழுவியது. 'பவுலுஸ்' என்பதற்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். சூசை என்பதோ பொருளை விடுத்து, 'ஜோசே' என்னும் போர்ச்சுகீசிய ஒலியைத் தழுவியது. அதே பெயரை வீரமாமுனிவர் தேம்பாவணியில் பொருள் நோக்கி 'வளன்' என ஆக்கினார். ஒருவருக்கே ஒலிவழி ஒரு பெயரும் பொருள்வழி ஒரு பெயரும் அமைந்தமை, மொழிபெயர்ப்பைப் பற்றிய இருவேறு கொள்கைகளை மாணவர்க்கு எளிதில் விளக்கும். பாதிரி, சன்னல் ஆகியவை போர்ச்சுகீசிய மொழி தந்தவை. மலாய் மொழியில் தேவாலயத்தைக் குறிக்கும் 'கெரெஜா', சாளரத்தைக் குறிக்கும் 'ஜெண்டேலா' ஆகியனவும் அம்மொழி தந்தவையே. தமிழரும் மலாய்க்காரரும் ஒரே கப்பலில் வந்த சொற்களை வெவ்வேறு துறைகளில் இறக்கிக்கொண்டனர். சூசையப்பர் ஆலயத்தின் முன் நிற்கும் மாணவர் இரு மொழிகளின் சொல் வரலாற்றையும் ஒருசேரக் கற்க இயலும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரபுடைமைப் பயணமாக மாணவர்களை இவ்வட்டாரத்துக்கு அழைத்துச் செல்லும்போது, பாணி, ஆண்டு, கட்டியவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பதோடு நின்றுவிடல் வேண்டா. ஒவ்வோர் ஆலயத்திலும் மூன்று வினாக்களை எழுப்பலாம்: இது யாருக்காகக் கட்டப்பட்டது? அவர்கள் எம்மொழி பேசினர்? இன்று இங்கு எம்மொழி கேட்கிறது? நான்கு ஆலயங்களின் விடைகளை ஓர் அட்டவணையில் எழுதினாலே நகரின் மொழி வரலாறு பெரும்பாலும் புலப்பட்டுவிடும். மாணவர்கள் தம் குடும்பத்து முதியோரிடமும் செல்லலாம். பூசை, செபமாலை, பாவசங்கீர்த்தனம், ஞானத்தாய், ஞானத்தகப்பன் போன்ற சொற்களை அவர்கள் எவ்வாறு வழங்கினர், எவ்விடத்து வழங்கினர் எனக் கேட்டு எழுதலாம். கிறித்தவரல்லாத மாணவர்கள் தத்தம் கோயில், பள்ளிவாசல் சார்ந்த சொற்களை இவ்வாறே தொகுக்கலாம். அச்சொற்களை அறிந்தோர் நம்மிடையே இருக்கும் காலத்திலேயே இப்பணி நடைபெற வேண்டும்.