கட்சி இல்லாத மந்திரி

1950-இல் லண்டனில் திமோதி எவன்ஸ் என்ற வேன் டிரைவர், தன் கைக்குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி ஒரு தொடர் கொலைகாரன் என்பது வெளியே வந்தது. எவன்ஸுக்கு நியாயம் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களில் தொழிற்கட்சியின் ஃபிராங்க் சாஸ்கிஸும் ஒருவர். 1964-இல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. உள்துறை அமைச்சராகி விட்ட சாஸ்கிஸின் மேசைக்கே அந்தக் கோரிக்கை திரும்பி வந்தது. விசாரணை தேவையில்லை என்று முதலில் கைவிரித்து விட்டார். எவன்ஸுக்கு மன்னிப்பு கிடைத்தது 1966-இல், அடுத்த அமைச்சரின் காலத்தில்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு மனிதனுக்கு என்னதான் ஆகிறது? பிபிசியில் பணியாற்றிய ஆண்டனி ஜேயை இந்தக் கேள்வி விடாமல் அரித்தது. விடையாக அவரும் ஜோனதன் லின்னும் சேர்ந்து எழுதியதுதான் ‘யெஸ் மினிஸ்டர்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். அமைச்சர் ஜிம் ஹேக்கராக பால் எடிங்டன், துறையின் நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ஃப்ரியாக நைஜல் ஹாதோர்ன், இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கும் தனிச் செயலாளர் பெர்னார்டாக டெரெக் ஃபௌல்ட்ஸ். சண்டை, துரத்தல், காதல் எதுவும் கிடையாது. ஓர் அறை, ஒரு கோப்பு, அதை நகரவிடாமல் செய்ய ஓர் அதிகாரி. அமைச்சரின் முடிவைத் தடுக்க ஹம்ஃப்ரி எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. ‘துணிச்சலான முடிவு’ என்று பாராட்டினால் போதும், தேர்தலே போய்விடுமே என்று ஹேக்கருக்கு வியர்த்துவிடும்.

முன்னோட்ட அத்தியாயம் தயாரான நேரத்தில் 1979 பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தலைப் பாதிக்குமோ என்று பிபிசி அதைக் கிடப்பில் போட்டது. கோப்புகள் தூங்குவதைப் பற்றிய தொடரே இப்படித் தூங்கி எழுந்து, 1980 பிப்ரவரி 25-இல்தான் ஒளிபரப்பானது. ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ ஆக வளர்ந்து 1988 வரை ஓடியது. இரண்டும் சேர்த்து 38 அத்தியாயங்கள்.

இத்தனை அத்தியாயங்களிலும் ஹேக்கர் எந்தக் கட்சி என்று யாரும் சொல்வதே இல்லை. தேர்தலில் வென்று நிற்கும் முதல் காட்சியில் அவர் கோட்டில் குத்தியிருக்கும் கட்சி ரிப்பன் கூட வெள்ளை நிறம். தொழிற்கட்சியின் சிவப்பும் இல்லை, கன்சர்வேடிவ் நீலமும் இல்லை. உள்தகவல் தந்தவர்களில் மார்சியா வில்லியம்ஸ், பெர்னார்ட் டொனஹ்யூ இருவரும் தொழிற்கட்சிப் பிரதமர் ஹெரால்ட் வில்சனிடம் வேலை பார்த்தவர்கள். இஸ்லாமிய நாடொன்றில் பிரிட்டிஷ் குழு திருட்டுத்தனமாக மது அருந்தும் அத்தியாயம், அதே கட்சிப் பிரதமர் கேலகனின் பாகிஸ்தான் பயணத்தில் நடந்ததை டொனஹ்யூ சொல்லக் கேட்டு எழுதியது. கதைகள் தொழிற்கட்சி ஆட்சியிலிருந்து வந்தன. விழுந்து விழுந்து ரசித்தவரோ கன்சர்வேடிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர்.

அவருடைய ரசனை பார்ப்பதோடு நிற்கவில்லை. 1984 ஜனவரியில் தொடருக்கு விருது கொடுத்த விழாவில் ஒரு குறுநாடகம் அரங்கேறியது. எழுத்து தாட்சரின் அலுவலகம், நடிப்பு தாட்சரும் இரு நாயகர்களும். பொருளாதார நிபுணர்களையே ஒழித்துவிடலாம் என்பதுதான் ‘நகைச்சுவை’. நடிகர்கள் இருவருக்கும் துளியும் விருப்பமில்லை. எடிங்டன், போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் மனசாட்சியைக் காரணம் காட்டிப் படையில் சேர மறுத்தவர். பிரதமரிடம் எப்படி மாட்டேன் என்பது? ஹேக்கர் மாட்டிக்கொள்ளும் அதே கதைதான். விருது வாங்க வந்த லின் ஒரே வரியில் பழி தீர்த்தார்: நகைச்சுவைத் துறையில் தமக்குரிய இடத்தைப் பிரதமர் கடைசியில் பிடித்துவிட்டார் என்று நன்றி சொன்னார்.

எந்தக் கட்சியையும் சாராத இந்த நடுநிலை உண்மைதானா? 1981-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் புத்தம் புதிய மருத்துவமனை ஒன்று. நிர்வாகத்தில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, நோயாளிகளும் இல்லை. அரசாங்கம் பணத்தை எப்படிக் கரைக்கிறது பார் என்று வலதுசாரி சிரித்தார். ஆனால் டாக்டர்களை நியமிக்க முடியாமல் போனதற்கு நிதிவெட்டே காரணம் என்று அதே அத்தியாயம் சொல்கிறது. இடதுசாரி அதைப் பிடித்துக்கொண்டார். ஒரே நகைச்சுவை இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக விளங்கியது. தொடரின் ஈர்ப்பு முழுவதும் இந்த வித்தையில்தான் இருக்கிறது.

ஆனாலும் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. லின் இடப்பக்கம் சாய்ந்தவர், ஜே வலப்பக்கம். அரசு ஊழியரும் மற்றவர்களைப் போலத் தன் நலனைத்தான் பார்ப்பார், பொதுநலம் என்பது பேச்சுக்குத்தான் என்ற பொருளியல் கோட்பாட்டில் ஜேக்கு நம்பிக்கை உண்டு. தொடரின் அடித்தளமே அதுதான் என்பதை ஆடம் கர்டிஸின் 2007 ஆவணப்படத்தில் அவரே ஒப்புக்கொண்டார். 1988-இல், தாட்சர் ஆட்சியிலேயே, அவருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. கட்சிகளுக்கு நடுவே தொடர் நடுநிலை காத்தது. அரசாங்கம் என்ற அமைப்பிடம் அந்த நடுநிலை அதற்கு இல்லை. நேர்மையாக உழைக்கும் ஓர் அதிகாரியை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2001-இல் ஸ்டார் பிளஸ் இந்தத் தொடரை ‘ஜி மந்திரிஜி’ என்று இந்தியில் எடுத்தது. ஃபரூக் ஷேக் அமைச்சர், ஜெயந்த் கிருபளானி செயலாளர். வெள்ளையர் விட்டுச்சென்ற கோப்பு முறையும் செயலாளர் பதவியும் டெல்லியில் அப்படியே இருந்ததால், கதைகளைப் பெரிதாக மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை.