குடிசைக்குள் ஒரு சிகிச்சை: சென்னையும் காசநோயும், 1956 முதல்

ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடு. காற்றுப் போக வழியில்லை. மூன்று வேளைச் சோறு நிச்சயமில்லை. இருமலோடு இரத்தம் கக்கும் ஒருவரை அந்த வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? 1950களின் நடுவில் இந்தக் கேள்வியை மருத்துவர்களிடம் கேட்டிருந்தால் பெரும்பாலோர் முடியாது என்றே சொல்லியிருப்பார்கள். முடியும் என்பதற்கான சான்று சென்னைச் சேத்துப்பட்டிலிருந்து வந்தது. அந்தச் சான்று உலகின் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. ஆனால் அதன் ஒரு பாதிதான் நினைவில் நின்றது. மறந்துபோன மறுபாதியின் விலையை நகரத்து ஏழைகள் பல பத்தாண்டுகள் கொடுத்து வந்தார்கள்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் சிகிச்சை என்றால் ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, இறைச்சி. இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் தரும் இடம் சானடோரியம். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து அப்படியொன்றை நடத்தின. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியதை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. புறநகர் ரயிலில் போகிறவர்கள் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடந்துதான் போகிறார்கள். இதே சௌரி முத்துதான் அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனுக்குச் சிகிச்சை அளித்தவர். ராமானுஜனுக்கு இருந்தது காசநோய் என்றே அன்றைய மருத்துவர்கள் பலர் கருதினார்கள்; அது வேறு நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு. அவர் 1920 ஏப்ரலில் இறந்ததும் சேத்துப்பட்டில்தான்.

சானடோரியத்தில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஓராண்டுக் காலம் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டுப் போய்ப் படுக்க யாரால் முடியும்? கூலிக்காரர் போனால் வீட்டில் உலை கொதிக்காது. தாய் போனால் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை. நாட்டில் நோயாளிகள் பல லட்சம். காசநோய்க்கென்று இருந்த படுக்கைகளோ சில பத்தாயிரம்தான். படுக்கைகளைக் கட்டிக் கட்டியே இந்த இடைவெளியை நிரப்ப வேண்டுமானால் இன்னும் எத்தனை தலைமுறை ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையே மருந்துகள் வந்துவிட்டன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். என்ற மருந்தும், 1952இல் ஐசோனியாசிடும். ஐசோனியாசிட் மலிவானது, வாயால் விழுங்கக்கூடியது. ஆனால் பணக்கார நாடுகளில் இம்மருந்துகளைச் சானடோரியப் படுக்கையில் வைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படுக்கையே இல்லாத நாடு என்ன செய்வது என்பதைக் கண்டறிய 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். சி.வி. ராமகிருஷ்ணன், எஸ். வேலு, எஸ். தேவதத்தா, புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா முதலிய இந்திய ஆய்வாளர்கள் அவரோடு உழைத்தார்கள்.

சோதனையின் அமைப்பு எளிமையானது. சளியில் கிருமி இருப்பது உறுதியான 193 ஏழை நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரு குழுவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். ஒரு பக்கம் ஓய்வு, நல்ல உணவு, செவிலியர் கவனிப்பு. மறுபக்கம் நெரிசல், அரைவயிறு, உடம்பு கொஞ்சம் தேறியதும் மறுபடி வேலை.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்களில் 86 விழுக்காடு. சானடோரியக்காரர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். அச்சம் மிகுந்த இன்னொரு கேள்வியும் இருந்தது: நோயாளி வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகளுக்குத் தொற்றாதா? நோயாளியைப் பிரித்து வைத்த குடும்பங்களைவிட, வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் புதிய நோயாளிகள் அதிகமாகவில்லை என்று ஆய்வு காட்டியது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில்தான் தொற்றுக்கான பெரும் ஆபத்து இருந்தது. மருந்து தொடங்கியதும் அது வேகமாகக் குறைந்தது.

இந்த முடிவின் சமூகப் பொருளை அழுத்திச் சொல்லியாக வேண்டும். குடிசையில் வாழ்கிறவர் குணமாக அந்தக் குடிசையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. தன் பிள்ளைகளுக்கே அவர் ஆபத்தானவர் என்று சொல்லி அவரைப் பிரிக்க வேண்டியதில்லை. நோயின் சுமையோடு ஒதுக்கலின் சுமையையும் தூக்கி வந்தவர்களுக்கு அறிவியல் கொடுத்த விடுதலை அது. உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதற்கான காரணங்களில் சென்னை ஆய்வுக்கும் பங்குண்டு.

இனி அந்த மறுபாதி. வீட்டுச் சிகிச்சை என்றதும் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டதாகத்தான் தோன்றும். சேத்துப்பட்டில் நடந்தது வேறு. ஹெல்த் விசிட்டர்கள் என்ற சுகாதார ஊழியர்கள் சந்து சந்தாக நடந்து நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். முன்னறிவிப்பின்றிப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி வந்து, மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். குடும்பத்தில் மற்றவர்களையும் அழைத்து வந்து பரிசோதித்தார்கள். பி.ஏ.எஸ். எளிதான மருந்தல்ல, நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இருமல் நின்று உடம்பு தேறிய பிறகும் மாதக்கணக்கில் அதைத் தொடரச் சொல்வது லேசான காரியமில்லை. நோயாளி தானாக மருந்து உட்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958இலேயே தனிக் கட்டுரை எழுதினார். தவறவிடுவது ஏழைகளின் குணக்கேடு என்று அவர் கருதவில்லை. எல்லா நாட்டு நோயாளிகளிடமும் அது உண்டு என்பதே அவருடைய வாதம்.

அங்கிருந்து அடுத்த சிந்தனை பிறந்தது. தினமும் மருந்து என்பதை வாரம் இருமுறை என்று குறைத்து, ஒவ்வொரு வேளையையும் ஊழியரின் கண்முன்னே கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிடும் வாரம் இருமுறை மையத்தில் நேரடியாக வழங்கப்பட்டன. 1964இல் வந்த முடிவில் இந்த முறையில் 94 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. வீட்டில் தாமாகவே தினமும் மருந்து எடுத்தவர்களில் 85 விழுக்காடு. முப்பது ஆண்டுகள் கழித்து உலக சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்ற பெயரில் நாடுகளுக்கெல்லாம் பரிந்துரைத்த நேரடிக் கண்காணிப்பு முறையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

1962இல் தேசிய காசநோய்த் திட்டம் தொடங்கியது. பெங்களூரில் 1959இல் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிறுவனம் அதற்கு வடிவம் கொடுத்தது. அங்கே தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கிராமங்களில் செய்து 1963இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு, ஏழைகள் அறியாமையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்ற பேச்சைப் பொய்யாக்கியது. காசநோய் இருந்தவர்களில் பெரும்பாலோர் தம் உடம்பில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்திருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் சிகிச்சை தேடி ஏற்கெனவே ஏதாவது ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போயும் இருந்தார்கள். அங்கே அவர்களுக்கு இருமல் மருந்துப் புட்டியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

தேசியத் திட்டம் சேத்துப்பட்டிலிருந்து எடுத்துக்கொண்டது மலிவை: படுக்கை வேண்டாம், மாத்திரை போதும். சந்தில் நடந்த ஹெல்த் விசிட்டரை அது அதே அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வு மையத்தில் சில நூறு நோயாளிகளுக்கு இருந்த கவனிப்பு, மாவட்ட மையங்களில் ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைக்கவில்லை. பாதியில் மருந்தை நிறுத்தியவர்களின் எண்ணிக்கை பெருகியது.

இன்னொன்றும் விடுபட்டது: சோறு. சானடோரியத்து நல்ல உணவு குணமாவதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் 1961இல் எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. மருந்து ஒழுங்காகப் போகும்போது கிருமி சாக முட்டையும் பாலும் கட்டாயமில்லை என்பதே அதன் பொருள். அந்த மனிதருக்கு நோய் ஏன் வந்தது, அதே வீட்டில் அடுத்து யாருக்கு வரும் என்பவை அந்த ஆய்வின் கேள்விகளே அல்ல. ஆனால் காசநோய்க் கொள்கையிலிருந்து உணவு ஏறக்குறைய மறைந்தே போனது. ஒரு கேள்விக்கான விடையை எல்லாக் கேள்விகளுக்கும் விடையாக்கிக்கொண்டது, இந்த வரலாற்றில் நடந்த பெரும் பிழை.

சேத்துப்பட்டு மையமே பின்னாளில் அதைத் திருத்தும் சான்றுகளையும் தந்தது. காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 304 நோயாளிகளிடம் நோயின் பொருளாதாரச் சுமையைக் கணக்கிட்டு 1999இல் வெளியிட்டார்கள். மருந்துக்குப் பணம் வாங்காத அரசுத் திட்டம் இருந்தும் ஒரு நோயாளிக்குச் சராசரியாக ஆன மொத்தச் செலவும் வருமான இழப்பும் 5,986 ரூபாய். இழந்த வேலைநாள்கள் சராசரி 83. வாங்கிய கடன் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். பள்ளி செல்லும் பிள்ளைகளில் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தினார்கள்; மேலும் 8 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள். பெண் நோயாளிகளில் 15 விழுக்காட்டினரைக் குடும்பம் ஒதுக்கியது. கிருமியைக் கொல்லும் மருந்து இவற்றில் எதையும் தீர்க்கவில்லை. தகப்பன் குணமான வீட்டில் பிள்ளையின் படிப்பு போயிருந்தது.

அதற்குள் திருத்தப்பட்ட தேசியத் திட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்து, 2006க்குள் நாடு முழுவதும் பரவியது. நேரடிக் கண்காணிப்பால் பலர் குணமானார்கள்; உயிர்கள் தப்பின. ஆனால் வாரம் மூன்று நாள் மருந்துக்காக மையத்துக்குப் போவதென்றால் தினக்கூலிக்காரருக்கு வேலை கெடும். நோயாளிக்கு அருகிலேயே கடைக்காரரோ தன்னார்வலரோ மருந்து கொடுக்கலாம் என்ற ஏற்பாடு அதற்குத்தான் வந்தது. சென்னையில் 1999இல் தொடங்கப்பட்ட 'ரீச்' போன்ற அமைப்புகள் தனியார் மருத்துவர்களையும் அரசுத் திட்டத்தையும் இணைத்தன. நோயிலிருந்து மீண்டவர்களையே பிற நோயாளிகளுக்குத் துணையாகப் பயிற்றுவித்தன. பக்கத்துத் தெருப் பெண்ணொருத்தி, நானும் இந்த மாத்திரையைத் தின்றவள்தான் என்று சொல்லி அருகில் உட்காருவது சிகிச்சையின் ஒரு பகுதி. அறிக்கைகளில் அதற்குத் தனிக் கட்டம் இருப்பதில்லை.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அதில் துணை நின்றது. நோய் உறுதியானதும் ஊழியர் சில எளிய சோதனைகள் செய்கிறார்: உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 14 அல்லது அதற்கும் கீழேயா, மூச்சு முட்டுகிறதா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றில் எதிலாவது ஆபத்து தெரிந்தால் உள்நோயாளிச் சிகிச்சைக்கு உடனே பரிந்துரைக்க வேண்டும். காசநோயால் இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலேயே இறக்கிறார்கள் என்பதுதான் இதற்கு அடிப்படை. எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை என்று உலகுக்குக் காட்டிய ஊரிலேயே, சிலருக்குப் படுக்கை உயிர்காக்கும் என்ற தெளிவும் செயலாகியிருக்கிறது. எடைக் குறியீடு 14 என்பது வெறும் நோயின் அளவு அல்ல. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பின் அளவும்கூட.

உணவு பற்றிய பழைய கேள்விக்கு 2023 ஆகஸ்டில் விடை வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும் அவர்களது குடும்பத்தார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் வைத்து அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு அது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கேற்றது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. 1961இல் யாரும் சோதிக்காத பகுதி இதுதான்: நோயாளியின் பக்கத்தில் படுத்துறங்குபவரின் வயிறு.

மத்திய அரசு 2018இலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கும் நிலையான முகவரியும் உள்ளவருக்கு அது நல்ல ஏற்பாடு. கட்டுமான இடத்திலேயே தங்கி, வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போகும் தொழிலாளிக்கும், பெயரில் கணக்கே இல்லாத முதிய பெண்ணுக்கும் யாராவது கூடவே நின்று வங்கிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு இன்னும் ஆள் போதவில்லை.